கண்டவரே துடைக்கக் கடவர்

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

1. இதை எழுதுபவன் உன் உடன்பிறந்த மூத்தவன், தொழிலால் வழக்கறிஞன், வாதாடுவதைக் காட்டிலும் ஆவணம் வரைவதில் கவனம் செலுத்துபவன். இனி ‘அண்ணன்’ என்று குறிக்கப்படுபவன். உன் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் ‘ஷரத்து மாமா’ என்ற பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே பயன்படுத்தத் தேவையில்லை.

2. பெறுபவள், மருத்துவமனை இரத்த வங்கியில் பரிசோதகராகப் பணிபுரியும் என் ஒரே தங்கை.

3. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே அனைவரும் நலமென்று நம்பவே விரும்புகிறேன். ஆனால் நேற்றுத் தொலைபேசியில் நீ அழுதது ஐயத்துக்கு இடமின்றி என் காதில் விழுந்தது. ஜலதோஷம் என்று நீ தந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

புதிதாகத் திறக்கவிருக்கும் பிரிவுக்கு உன்னையே பொறுப்பாளராக்க மருத்துவமனை முன்வந்திருக்கிறது. மாலை நேரப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். மார்ச் இறுதிக்குள் சம்மதக் கடிதம் தர வேண்டும். இதற்கு நீ சொன்ன பதிலை உன் வார்த்தைகளிலேயே பதிவு செய்கிறேன்: “வேண்டாம்னு எழுதிக் குடுத்திடலாம்னு இருக்கேன்ணா. சாயங்காலம் நான் இல்லேன்னா வீடு குப்பைக்காடாப் போயிடும்.”

ஒரு பாத்திரத் தொட்டிக்காக ஒரு பதவியை இழப்பதா? வழக்கறிஞனாக அல்ல, அண்ணனாகக் கொதிக்கிறேன். உங்கள் வீட்டில் உன்னையும் சேர்த்து ஐந்து ஜோடிக் கைகள் உள்ளன. மற்ற நான்கும் என்ன செய்கின்றன என்பதை எழுத்தில் தெரிவி. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்

---

ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிய கை, ஆகவே நலம். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தில் அவர்களுக்கு அரை வரிதான் கிடைக்கிறது.

கேட்டதால் எழுதுகிறேன். நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். நடைவழியில் நான்கு பேரின் செருப்பும் நான்கு திசையில் கிடந்தன. சிங்க்கில் காலைப் பாத்திரம். மாமனார் அலமாரி மேல் விரலை இழுத்து, அந்த விரலை எனக்குக் காட்டினார். பணி ஓய்வு பெற்றும் அவருக்குத் தணிக்கை செய்யும் பழக்கம் போகவில்லை. மூத்தவள் ஈரத் துண்டைக் கட்டிலிலேயே போட்டிருந்தாள்.

இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கே?” என்றேன்.

“நீ சொல்லவே இல்லையே! சொன்னா செய்ய மாட்டேன்னா சொன்னேன்?”

“சொல்லணுமா? அது அங்க கிடக்கறது தெரியலையா?”

“இதோ, இப்பத் தெரியுது. கத்தாம சொல்லேன், செஞ்சுட்டுப் போறேன்.”

சொன்னால் செய்கிறார், அண்ணா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னதை நினைவூட்ட வேண்டும். நினைவூட்டினால் நச்சரிப்பு. இளையவனிடம், “குளியலறையை யாருடா கழுவுறாங்க?” என்று கேட்டேன். “அது தண்ணியிலேயேதானேம்மா இருக்கு, தானாவே சுத்தமாயிடும்” என்றான். அவனை அடிக்கவா, சிரிக்கவா?

‘சொல்லவே இல்லையே’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சட்டத்தால் ஒழிக்க முடியுமா? முடிந்தால் நான் பயிற்சிக்குப் போவேன்.

தங்கை

---

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம், இணைப்பில் உள்ள இல்லத் தூய்மை உடன்படிக்கை. நான் இதுவரை வரைந்தவற்றில் இதுவே சுருக்கமானது. இதுவே சிறந்ததும் என்று நினைக்கிறேன்.

நான்காம் ஷரத்தை உரக்க வாசித்துக் காட்டு: ‘வீட்டினுள் அழுக்கு, தூசி, சிந்தல், சிதறல் எதையும் எவர் முதலில் காண்கிறாரோ அவரே அதைத் தாமதமின்றித் துடைக்கக் கடவர். கண்டும் துடையாதவர் இவ்வுடன்படிக்கையை மீறியவராவார்.’

இதன் நுட்பத்தைக் கவனி. பொறுப்பு எழ வேண்டுமானால் அறிவிப்பு வேண்டும். இதுவரை அந்த அறிவிப்பை உன் வாய் தந்துவந்தது. இனி அவரவர் கண்ணே அறிவிப்பு. ‘நீ சொல்லவே இல்லையே’ என்ற எதிர்வாதம் இத்துடன் இறந்தது. கணவரோ பெரியவரோ பிள்ளைகளோ, எவரும் இதிலிருந்து தப்ப வழியில்லை. வீட்டைத் தன் வீடு என்று சொல்லிக்கொள்பவர் அதன் அழுக்கை மட்டும் உன்னுடையது என்பது என்ன நியாயம்?

அனைவரிடமும் ஒப்பம் வாங்கு. பயிற்சிக்குச் சம்மதம் எழுது.

அண்ணன்

---

பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் ஷரத்தின் பலனைக் கேளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பார்வை போய்விட்டது.

அனைவரும் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் முதல் மாமனார் வீட்டுக்குள் கண்ணாடி அணிவதில்லை. “போட்டா தலை வலிக்குதும்மா” என்கிறார். பத்திரிகை வந்ததும் மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து, அங்கே கண்ணாடியை மாட்டிப் படித்து முடித்து, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சுவரைத் தடவியபடி உள்ளே வருகிறார். அலமாரியில் இழுத்த அந்த விரல் இப்போது எங்கே போயிற்று?

மூத்தவள் கைப்பேசியைப் பார்த்தபடியே நடக்கிறாள். கேட்டால், “எனக்கு வேற எதுவும் தெரியலம்மா” என்கிறாள். அது உண்மையும்கூட. இளையவன் மேசையில் கொட்டியதன் மேல் நோட்டை விரித்து வைத்திருந்தான். “என்னடா இது?” என்றால், “நோட்டு மறைச்சிருந்துச்சு, நான் பாக்கல. நீதான் முதல்ல பாத்தே. மாமா எழுதினதுபடி நீதாம்மா துடைக்கணும்” என்றான். ஐந்தாம் வகுப்பு, அண்ணா!

இவர் அண்ணாந்து நடக்கிறார். “ஏன் இப்படி?” என்றேன். “ஃபேன்ல ஏதோ சத்தம் வருது, பாக்கறேன்.” “அதுல இருக்கற தூசி தெரியலையா?” சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கண்ணை மூட வரவில்லை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் ஒரு அணு பிசகாமல் பார்ப்பவள் நான். முன்பு எல்லாவற்றையும் செய்தேன். யாராவது வெட்கமாவது பட்டார்கள். இப்போதும் நானே செய்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டு, முறைப்படி செய்கிறேன். பார்க்கிறவளைத் தண்டிக்கிற ஷரத்தை எழுதியது என் சொந்த அண்ணன்.

தங்கை

பி.கு.: அண்ணியைப் பற்றி இந்த முறையும் நீங்கள் எழுதவில்லை.

---

பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன். நல்லெண்ணத்துடன் வரையப்பட்ட ஆவணத்தை ஒரு குடும்பமே சேர்ந்து இவ்வாறு கேலிக்குரியதாக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாடிப்படியில் கண்ணாடி அணிவதாமே! வயதுக்கேற்ற செயலா அது?

திருத்தம் அனுப்பியுள்ளேன். 4(அ): ‘காணத்தக்க இடத்தில் உள்ளதை எவரும் கண்டதாகவே கொள்ளப்படும்.’ 4(ஆ): ‘யார் காணக் கடமைப்பட்டவர் என்பதில் தகராறு எழுந்தால் மாமனார் விசாரித்துத் தீர்ப்பளிப்பார்.’

இரண்டாவது என் தந்திரம். நீதிபதியாக்கிவிட்டால் அவர் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும்.

அண்ணன்

---

மார்ச் 11

அண்ணாவுக்கு,

கண்ணாடி அணிந்துவிட்டார். உங்களுக்குத் திருப்திதானே?

சாப்பாட்டு மேசைக்கு அடியில் பால் கொட்டிவிட்டது. யார் கொட்டியது என்பது இன்றுவரை தெரியாது. அன்று மாலையே விசாரணை தொடங்கியது. மூத்தவள், தான் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை என்றாள். இளையவன் குறுக்கு விசாரணை கேட்டான். நான் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

“தொடாதேம்மா!” என்று மாமனார் கத்தினார். “சாட்சியத்தை அழிக்கக் கூடாது.”

“மாமா, நாறுது.”

“நாறட்டும். தீர்ப்பு வரட்டும்.”

இவர் வேறு, “அப்பா சொல்றது சரிதானே, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. எறும்பு வந்தது. மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. பொறுக்க முடியாமல் ஒரு காலையில் யாரும் எழுவதற்கு முன்பே துடைத்துவிட்டேன். அன்று மாலை எனக்குக் கண்டனம் வழங்கப்பட்டது. நான்கு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கேயும் தரை வழுக்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் இவர் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், அங்கே இவர் போர்மேன். மணி அடித்தது. அத்தனை இயந்திரமும் நின்றது. ஆளாளுக்குத் தன் இயந்திரத்தைத் துடைத்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று குறைந்தால் பல் போன வாய் மாதிரித் தெரியும். வரைந்தது இவராம். அந்தக் கோடியிலிருந்து இவர் குரல் வந்தது: “அஞ்சாம் மிஷினுக்குக் கீழ எண்ணெய் சொட்டுது பாரு. யாருப்பா அங்க?”

அத்தனை தூரத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்தார், அண்ணா. அந்தக் கண்ணுக்கு எங்கள் வீட்டு சிங்க் தெரியாது!

துடைப்பது பெரிய வேலையே இல்லை. ஒரு துணி, கொஞ்சம் தண்ணீர். எது எங்கே கிடக்கிறது, எது தீரப் போகிறது, எது நாளைக்கு நாறும் என்று எல்லா நேரமும் மண்டைக்குள் வைத்திருப்பதுதான் வேலை. அதை நீங்களும் ஷரத்தாக்கி எனக்கே எழுதிக் கொடுத்தீர்கள்.

தேதி நெருங்குகிறது. இனித் திருத்தம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

---

மார்ச் 21

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

தங்களும் பெரியவரும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். என் தங்கையின் கடைசிக் கடிதத்தில் அவள் தன் ஒப்பத்தை இடவில்லை. அதன் பின் நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. தொலைபேசியை மூத்தவள் எடுத்து, “அம்மா வேலையா இருக்காங்க மாமா” என்கிறாள். எந்த வேலை என்று நான் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே வெளிப்படையாகக் கேட்கிறேன். பட்டறையில் சொட்டு எண்ணெய் தெரியும் தங்களுக்கு வீட்டில் தட்டு தெரியாதது எப்படி? ஒருவருக்கு ஓரிடத்தில் பார்வையும் இன்னோரிடத்தில் குருடும் இருக்குமானால் அது நோயல்ல, வசதி. அவள் சம்பாதித்த பதவி இம்மாத இறுதியில் காலாவதியாகிறது. அதைத் தாங்கள் வேடிக்கை பார்ப்பதாக நான் கொள்ளலாமா? எழுத்து மூலம் விடை தருக.

இப்படிக்கு,
மைத்துனன்

---

மார்ச் 25

மச்சானுக்கு,

எல்லோரும் நலம். நோட்டீஸ் கிடைத்தது. எனக்கு உங்களைப் போல எழுத வராது. மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

அவள் பதவியை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. என்னிடம் கேட்கவே இல்லை; தானே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டு எங்களைக் கோபிக்கிறாள். பட்டறை விஷயம் நீங்கள் சொன்னது உண்மைதான். அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அங்கே நான் துடைத்ததை யாரும் திரும்பத் துடைப்பதில்லை. வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? நான் தட்டு கழுவி வைப்பேன். அவள் வருவாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் கழுவுவாள். என் கண் முன்னால்! நான் தரையைத் துடைத்தால் பின்னாடியே மாப்போடு வருவாள். “அதான் பண்ணிட்டேனே?” என்றால், “பரவாயில்ல விடுங்க” என்பாள். அந்தப் ‘பரவாயில்ல’ இருக்கிறதே, முதலாளி திட்டினால்கூட அவ்வளவு வலிக்காது. செய்தாலும் செய்யாத கணக்கென்றால் எவன் செய்வான்? பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் கை விட்டார்கள்.

நான் செய்தது சரியென்று சொல்லவில்லை. கண்ணை மூடியது தப்பு. பால் விஷயம் ரொம்பத் தப்பு.

உங்கள் வீட்டில் காலையில் துடைப்பத்தை யார் எடுக்கிறார்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது மரியாதை இல்லை.

மாப்பிள்ளை

---

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கணவரின் பதில் வந்தது. அதில் ஒரு குற்றச்சாட்டு உள்ளது. மறைப்பது முறையல்ல என்பதால் அப்படியே தருகிறேன். அவர் கழுவியதை நீ திரும்பக் கழுவுகிறாயாம்; துடைத்ததைத் திரும்பத் துடைக்கிறாயாம். உண்மையெனில், அவர் கண்ணை மூடியதற்கு அது மன்னிப்பாகாது. ஆனால் கை ஓய்ந்ததற்கு ஒரு காரணமாகலாம். நீயே யோசி.

அவர் எழுப்பிய மற்றொரு கேள்வி இவ்விவகாரத்துக்குத் தொடர்பற்றது.

உன் கட்டளைப்படி திருத்தம் எதுவும் இணைக்கவில்லை. ஒன்றை மட்டும் வேண்டுகிறேன்: மறுப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் எனக்கு எழுது.

அண்ணன்

---

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே.

உங்களுக்கு எழுதாமலே முடிவு செய்துவிட்டேன். மன்னிக்க வேண்டாம், கோபப்பட்டுக்கொள்ளுங்கள். திரும்பக் கழுவுகிறேன் என்பது உண்மை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, இவர் கழுவிய ஒரு கோப்பை என் கையிலேயே இருந்தது. அடியில் ஒரு கறை. இரத்த வங்கியில் ஒரு கறை என்றால் ஒரு உயிர். வீட்டில் ஒரு கறை என்றால் ஒரு கறை. அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. கோப்பையை அப்படியே வைத்தேன். கை அரித்தது.

மறுநாள் மருத்துவமனையில் சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து எல்லோரையும் மேசையில் உட்கார வைத்தேன். “திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலம் நான் இருக்க மாட்டேன்” என்றேன்.

இவர், “எங்கிட்டக் கேக்கலையே?” என்றார்.

“கேக்கல. சொல்றேன். சொல்லவே இல்லைன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாதுல்ல?”

மாமனார் வாய் திறந்தார். “வீடு என்னம்மா ஆகும்?”

“அது உங்க நாலு பேரு வீடும்தானே மாமா? எனக்கு மட்டும் எழுதி வெச்சிருந்தா பத்திரத்தைக் காட்டுங்க.”

இவர்தான் முதலில் எழுந்தார். சுண்ணக்கட்டி எடுத்து வந்து தரையில் கோடு போட்டார், பட்டறை மாதிரியே. “அடுப்படி என்னோட மிஷின்” என்றார். “சிங்க், அடுப்பு, குப்பை, சோப்பு தீந்தா வாங்கறது எல்லாம் நானே பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நீ உள்ள வந்து எதையும் திருப்பிப் பாக்கக் கூடாது.”

அதன்பிறகு நான் எழுதியதுதான் இணைப்பில் உள்ள பத்திரம். வேலையைப் பிரிக்கவில்லை, இடத்தைப் பிரித்திருக்கிறேன். இடம் யாருடையதோ, அங்கே பார்ப்பதும் நினைப்பதும் அவருடையது. மாமனாருக்குக் கூடம், அங்கே அவர் விரலை இழுத்துக்கொள்ளட்டும், துடைக்கவும் செய்யட்டும். குளியலறை பிள்ளைகளுக்கு, வாரம் மாற்றி வாரம். சாப்பிட உட்காருவதற்கு முன் எல்லோரும் கொஞ்ச நேரம் அவரவர் இடத்தில் கை வைக்க வேண்டும். யாருடைய இடத்திலும் சேராத சாமான் வீட்டில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே மூன்று மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டோம். துடைப்பதற்கு இப்போதே பாதிதான் மிச்சம். ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்யக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்து எனக்காக. கையெழுத்துப் போட எனக்குத்தான் நேரமாயிற்று.

என் பெயருக்கு எதிரே காலியாக விட்டிருந்தேன். மாமனார் கவனித்துவிட்டார். “உனக்கு எந்த இடம்மா?”

“பயிற்சி முடியற வரைக்கும் எதுவும் இல்ல மாமா. இத்தனை வருஷம் எல்லா இடமும் எனக்குத்தானே இருந்துச்சு?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து இதை எழுதுகிறேன். ஆசிரியர் இன்னும் வரவில்லை. வீட்டில் இந்நேரம் என்ன கொட்டிக் கிடக்கிறதோ தெரியாது. முதல் வாரம் அதைக் கேட்க இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். இன்று பசிக்கிறது, அவ்வளவுதான்.

நீங்களும் அண்ணியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது.

தங்கை

---

ஏப்ரல் 18

அன்புத் தங்கைக்கு,

பத்திரம் வந்து சேர்ந்தது. அதில் சொல்வரையறை இல்லை; முகவுரை இல்லை; மீறினால் தண்டனை என்ன என்பதும் இல்லை. திருத்த ஒன்பது இடங்களில் பென்சிலை வைத்தேன். ஒன்பது இடத்திலும் எடுத்துவிட்டேன். சாட்சியாக ஒப்பமிட்டு இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

உன் அண்ணியிடம் ஒப்பத்துக்காகக் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். பிறகு உட்கார்ந்து மறுமுறை வாசித்தாள். ஒப்பமிட்டாள். “நகல் ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்றாள். எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறீங்க. இங்க எந்த இடம் உங்களோடதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

முன்னறிவிப்பின்றி, என் தரப்பைக் கேட்காமல், மேல்முறையீட்டுக்கு வழியே வைக்காமல் எனக்கு இடம் ஒதுக்கப்பட்டது: குளியலறையும், என் புத்தக அலமாரிகள் அனைத்தும். இது இயற்கை நீதிக்கு முற்றிலும் முரணானது என்று வாதாடினேன். எதிர் வீட்டு ஆசிரியை சாட்சிக்கு அழைக்கப்பட்டார். வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளையிடம் ஒரு செய்தி சொல். அலமாரியின் மேல் தட்டை நேற்றுத் துடைத்தேன். உன் அண்ணி வந்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் திரும்பத் துடைத்தாள். அவருடைய கடிதத்தில் இருந்த கோபத்தின் அளவை அப்போதுதான் சரியாக உணர்ந்தேன். கடைசி ஷரத்தை அவளுக்குச் சுட்டிக்காட்டினேன். முறைத்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் எழுத இயலவில்லை. குளியலறைத் தரையில் சோப்புத் தூளைக் கொட்டி ஊற வைத்திருக்கிறேன். காய்ந்தால் கறை விடாது என்கிறார்கள்.

மேற்கண்டவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்)
அண்ணன்
குளியலறைக்கும் அலமாரிகளுக்கும் உரியவன்

சாட்சிகள்:
1. உன் அண்ணி
2. எதிர் வீட்டு ஆசிரியை